பங்குனி மழை யாருக்கு நல்லது?

  இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பங்குனி பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நம் பக்கம் இடியோடு நல்ல மழை பெய்தது அல்லவா? அன்றைக்கு ராத்திரி என்னிடம் படித்த இரண்டு பேர் போன் செய்தார்கள்.

முதலில் கூப்பிட்டவள் கொடுமுடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப் போட்டிருந்தார்களாம். "தார்ப்பாய் இழுத்து மூடறதுக்குள்ள பாதி நனைஞ்சு போச்சுங்க சார். ஒரு வருசப் பாடுங்க" என்றாள். அழாத குறைதான்.

அரை மணி நேரம் கழித்து வெள்ளகோவில் பக்கத்திலிருந்து இன்னொருவன் கூப்பிட்டான். குரலிலேயே சிரிப்புத் தெரிந்தது. "நல்ல உழவு மழைங்க சார். இன்னும் பத்து நாள்ல கொறங்காட்டுல புல்லு எந்திரிச்சுருமுங்க" என்றான். பேசி முடிக்கும்போது குரல் தாழ்ந்துவிட்டது. அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கொறங்காட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு நடக்கிறதாம். "வருசத்துல முக்காவாசி நாள் காஞ்சு கெடக்கற காட்ட வச்சு என்ன பண்றதுன்னு அண்ணன் கேக்கறாருங்க. நீங்க என்னங்க சார் சொல்றீங்க?" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் கண்ணு என்று வைத்துவிட்டேன். ஒரே மழை. இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வீட்டில் அழுகை, ஒரு வீட்டில் சிரிப்பு. நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பயிற்சிக்காரன். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் நம் ஊர் வரலாற்றில்தான் இருக்கிறது என்று தோன்றியது. அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பருவம் எது என்று பார்ப்போம். ஆறு பெரும்பொழுதுகளை உங்களை மனப்பாடம் செய்ய வைத்தது ஞாபகம் இருக்கிறதா? மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். பனி விலகி வெயில் ஏறும் இந்தத் திருப்பத்தில்தான் கொங்கு நாட்டு விவசாயத்தின் ஒரு கணக்கு முடிந்து இன்னொரு கணக்கு தொடங்குகிறது.

நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. கோவையின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் பாதி. அந்த 700-லும் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகை மழை. மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கேட்பதற்குச் சிறியதாகத் தெரியும். ஆனால் தையிலும் மாசியிலும் வானம் வறண்டு கிடந்த பிறகு வரும் மழை என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

அது ஏன் வருகிறது? மலைத்தொடரில் பாலக்காட்டுக்கு நேரே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய் இருக்கிறது. பங்குனி வெயிலில் நம் தரை சூடேறுகிறது. சூடான காற்று மேலே போகிறது. கடல் பக்கத்து ஈரக் காற்று கணவாய் வழியாகவும் உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. அந்த ஈரம் மேலே போய்க் குளிர்ந்து, மத்தியானத்துக்கு மேல் கருமேகமாகத் திரண்டு, இடி மின்னலோடு கொட்டிவிட்டுப் போகிறது. சில சமயம் ஆலங்கட்டியும் விழும். இந்த மழை ஊர் முழுக்கப் பெய்யாது. ஒரு தோட்டத்தில் பெய்யும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புழுதி பறக்கும். ஐப்பசி மழை வருவதை நாலைந்து நாள் முன்னாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். இந்த இடி மழை எந்த ஊரில் பெய்யும் என்று இன்றைக்கும் துல்லியமாகச் சொல்வது கடினம்.

இனி மஞ்சள் களத்துக்கு வருவோம்.

"பங்குனி மழை பல விதத்திலும் சேதம்" என்று ஒரு பழமொழி உண்டு. தோட்டக்காரர்கள் சொன்ன பழமொழியாகத்தான் இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் தையில் தொடங்கி பங்குனி வரை வெட்டுகிறார்கள். வேகவைத்து இரண்டு வாரமாவது வெயிலில் காய வேண்டும். நடுவில் நனைந்தால் நிறம் மங்கும், பூஞ்சை பிடிக்கும், மண்டியில் விலை இறங்கும். புளி உலுக்கும் மாதமும் இதுதான். நனைந்த புளி கறுத்துவிடும். மா மரத்தில் தை, மாசியில் பூத்தது இப்போது பிஞ்சாக நிற்கும். மழை மட்டும் வந்தால் பிஞ்சு பெருக்கும். கூடவே சூறைக்காற்று வந்தால் பாதி தரையில் கிடக்கும். சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், தொண்டாமுத்தூர் பக்கம் வாழை வைத்தவர்களுக்கு இந்தக் காற்று என்றால் தூக்கம் வராது. குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். போர் போட்டு வைத்த சோளத்தட்டு நனைந்தால் உள்ளே பூசணம் பிடித்து மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

அறுவடை முடித்துக் களத்தில் பண்டம் வைத்திருப்பவருக்கு இது சேத மழை. அதில் சந்தேகமே இல்லை.

அதே மழையைக் காட்டுப் பக்கம் நின்று பாருங்கள். நம் ஊரில் காடு என்றால் வனம் அல்ல, வானம் பார்த்த பூமி. முதல் மழை விழுந்து மண் பதமானதும் கோடை உழவு. "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது இந்த உழவைத்தான். கட்டாந்தரை உடைகிறது. களையின் வேர் மேலே வந்து வெயிலில் காய்கிறது. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகின்றன. அடுத்து வரும் மழை ஓடிப் போகாமல் உள்ளே இறங்குகிறது. சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவதும் இதையொட்டித்தான். ஈரம் போதுமென்றால் சித்திரைப் பட்டத்துச் சோளத்தைத் தட்டுக்காக விதைத்துவிடுவார்கள். அந்தத் தட்டுதான் மாட்டுக்கு அடுத்த தீவனம். இறங்கிப்போன கிணற்றிலும் சாண் ஏறும், முழம் ஏறும்.

ஊர் நோம்பிகளும் இந்த நேரத்தில் வருவது தற்செயல் அல்ல. கோவையில் கோனியம்மன் தேர் மாசியில், பண்ணாரியில் குண்டம் பங்குனியில். ஊருக்கு ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நடுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அறுவடை முடிந்து, உழவு தொடங்காமல், எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம் அல்லவா? மழை வராத வருடம் பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு எடுத்ததை என் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மழையில் ஓர் ஆபத்தும் உண்டு. இதை இளையவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். கோடையின் முதல் மழை பெய்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அப்பாரு விடியற்காலையில் கட்டுத்தரையில் வந்து நின்று, "இன்னைக்கு ஒரு மாட்டையும் சோளக்காட்டுப் பக்கம் அவுக்கக் கூடாது" என்று சத்தம் போட்டார். எனக்குப் புரியவில்லை. அறுத்த சோளக்காட்டில் பச்சைப் பசேலென்று துளிர் வந்திருக்கிறது, பசியோடு இருக்கும் மாட்டை ஏன் விடக் கூடாது? அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கறவை மாடு ஒன்று அறுத்துக்கொண்டு போய் மேய்ந்துவிட்டது. மத்தியானத்துக்குள் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, விழுந்துவிட்டது. அந்த வீட்டு ஆத்தா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

வறட்சியில் வாடி நின்ற சோளத்தின் இளந்துளிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சு அதிகமாக இருக்கும். பயிர் வளர வளர அது குறையும். உடனே கால்நடை மருத்துவர் வந்தால் சோடியம் தயோசல்ஃபேட் போன்ற மருந்தை ஊசியில் ஏற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஆடுகளுக்கும் இதுபோல ஒரு கண்டம் இருக்கிறது. மழைக்குப் பிந்திய இளம்புல்லைத் திடீரென்று நிறைய மேய்ந்தால் துள்ளுமாரி நோய் வரும். அதற்கு முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். ஆடு வைத்திருக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் அன்றைக்கு அப்பாரு மாடுகளை எங்கே விட்டார்? பட்டினியா போட்டார்? இல்லை. அன்றைக்குச் சோளத்தட்டுப் போட்டார். இரண்டு மூன்று வாரம் கழித்துப் புல் நன்றாகத் தலையெடுத்ததும் கொறங்காட்டுக்கு ஓட்டினார்.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொறங்காடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் உள்ள சொந்த மேய்ச்சல் நிலம் அது. ஊர்ப் பொது மந்தை அல்ல, பட்டா நிலம். பெரும்பாலும் நாலைந்து ஏக்கர் அளவுள்ள பாத்திகளாகப் பிரித்து, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டிருப்பார்கள். நுழைய ஒரு கடவு, அதற்கு ஒரு படல். உள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் குறைந்ததும் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த காடு அதற்குள் தேறிக்கொள்ளும்.

இதில் ஒவ்வொன்றும் இந்த வறண்ட வானிலைக்கு ஏற்றதுதான். கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆழமாகப் போகும். மேலே வைக்கோல் மாதிரி காய்ந்து கிடந்தாலும் தூர் உயிரோடு இருக்கும். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், சில நாட்களில் பச்சை கட்டிவிடும். விதைக்க வேண்டாம், உழ வேண்டாம், உரம் வேண்டாம். சோளத்துளிரில் இருக்கும் நஞ்சுப் பயமும் இல்லை. மழை வராவிட்டால்? வெள்வேல மரம் இருக்கிறது. அதன் காய் கோடையில் செம்மறிகளுக்கு நல்ல தீனி. நிழலும் அதுதான்.

காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் அதைத் தேர்ந்து பெருக்கியதில் பேர் பெற்றவர். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் நோம்பியோடு கூடும் மாட்டுச் சந்தைக்கு இன்றும் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். பங்குனியில் மழை விழுந்த வருடம் அந்தச் சந்தைக்கு வரும் மாடுகளின் முதுகைப் பார்த்தாலே தெரியும் என்பார் அப்பாரு.

இப்போது வரலாறு. நம் பெரியவர்களின் பண்ணையம் ஒற்றைக்கால் பண்ணையம் அல்ல. வசதியான குடும்பம் என்றால் கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டம் கொஞ்சம், மானாவாரிக் காடு கொஞ்சம், கொறங்காடு கொஞ்சம், கட்டுத்தரையில் மாடு, பட்டியில் ஆடு. பங்குனியில் மழை பெய்தால் களத்தில் கொஞ்சம் நட்டம், ஆனால் கொறங்காட்டிலும் உழவிலும் லாபம். மழை பெய்யாவிட்டால் களத்துப் பண்டம் நன்றாகக் காய்ந்து காசாகும், மாட்டுக்குத் தட்டும் வேலங்காயும் போட்டு ஒப்பேற்றுவார்கள். எப்படிப் போனாலும் வீட்டில் ஏதோ ஒன்று மிஞ்சும். இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் ஒரே நாளில் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அடிபட்டு அடிபட்டு வந்தது.

பெரிய அடி 1876-ல் விழுந்தது. தாது வருடப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வருடம் பருவமழை பொய்த்தது. 1877 பங்குனி தாது வருடத்தின் கடைசி மாதம். முந்தின ஐப்பசியில் மழை இல்லாத பங்குனி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மனிதர்களோடு மாடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1871 கணக்கெடுப்பைவிட 1881-ல் கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. பத்து வருடத்தில் கூட வேண்டியது குறைந்தது என்றால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும்?

அதற்குப் பிறகு நம் ஆட்கள் கிணற்றை நம்பினார்கள். 1883-ல் வந்த நில மேம்பாட்டுக் கடன் சட்டத்தில் கிணறு வெட்டவும் கடன் கிடைக்க வழி இருந்தது. 1887-ல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை வெளியிட்ட பிரெடரிக் நிக்கல்சன், பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடித்தளமான அறிக்கையை எழுதியவரும் அவர்தான், இந்த மாவட்டத்துக் கிணறுகளையும் மாடுகளையும் பற்றி விவரமாக எழுதினார். பாறையை உடைத்து வெட்டிய கிணறு, அதில் கவலை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி இழுக்க, சால் மேலே வந்து தோல் தும்பி வழியாகத் தண்ணீர் கொட்டும். ஆக, தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எருது வேண்டும். எருதுக்குக் கொறங்காட்டுப் புல் வேண்டும். புல்லுக்குப் பங்குனி, சித்திரை மழை வேண்டும். தோட்டமும் கொறங்காடும் ஒரே வடக்கயிற்றில் கட்டியிருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்தது. புரட்டாசி வாக்கில் விதைத்தால் மாசி, பங்குனியில் முதல் எடுப்பு. கோடை மழை வெடித்த பஞ்சை நனைத்துக் கெடுத்தாலும், அதே மழையில் செடி மறுபடி தளிர்த்து இரண்டாவது எடுப்பும் கொடுக்கும். பருத்தி இருந்ததால் ஆலை. ஸ்டேன்ஸ் மில் 1888-லேயே வந்திருந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. பிற்காலத்தில் கோவையிலேயே உருவாக்கிய எம்.சி.யு. 5 ரகம் 1968-ல் வெளிவந்தது. அந்த மூன்று எழுத்தும் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பதன் சுருக்கம். வகுப்பில் கேட்டால் யாருக்கும் தெரியாது.

மின்சாரம் ஆலைக்கு மட்டும் வரவில்லை, கிணற்றுக்கும் வந்தது. மோட்டார் வந்ததும் கவலை நின்றது. கவலை ஓட்டி முதுகு வளைந்தவர்களுக்கு மோட்டார் சாமி கொடுத்த வரம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எருதை நம்பிய தேவை அன்றைக்கே பாதி போய்விட்டது. 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் வந்தது. ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 முதல் நெல்லுக்குத் தண்ணீர், மறுபாதிக்குத் தை முதல் சித்திரை வரை முறை வைத்துக் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்குத் தண்ணீர். தெற்கே பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வந்தது. பின்னால் டிராக்டர், ஆழ்குழாய்க் கிணறு, தென்னை. ஒவ்வொன்றும் நல்லதுதான். ஒவ்வொன்றும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் தேவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. கூடவே, ஒரு பண்ணையத்தில் ஐந்தாறு பண்டம் இருந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சியது.

என் கொடுமுடி மாணவி வீட்டில் மஞ்சளும் வாழையும் மட்டும்தான். மாடு இல்லை, மானாவாரிக் காடு இல்லை. பங்குனி மழையால் கெடுவதற்கு அவளிடம் பண்டம் இருக்கிறது. அதே மழையால் பிழைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் அழுகைக்குக் காரணம் மழை மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கத்தையும் சமீபத்தில் பார்த்தோம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த மாசி, பங்குனியில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தென்னைகள் கொண்டை சாய்ந்து நின்றன. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது. லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றியவர்களும் உண்டு. தென்னை காய்ப்புக்கு வரவே வருடங்கள் ஆகும். செத்தால் மறுபடி முதலிலிருந்துதான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளும் அப்போது காய்ந்துதான் கிடந்தன. ஆடு மாடுகளைப் பலர் விற்கவும் செய்தார்கள். ஆனால் மழை விழுந்ததும் அந்தத் தூரிலிருந்தே புல் வந்தது. யாரும் நட வேண்டியிருக்கவில்லை.

"முக்காவாசி நாள் காஞ்சு கெடக்கற காடு" என்று அண்ணன் சொன்னாராம். காய்ந்து கிடப்பது உண்மை. ஆனால் காய்ந்திருப்பது வேறு, செத்திருப்பது வேறு.

இவ்வளவு எழுதிய நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்குக்கு வந்த நான்கு ஏக்கர் கொறங்காட்டை 1998-ல் விற்றோம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மாடு பார்க்க ஆள் இல்லை, நான் வேலையில் இருந்தேன். அந்தப் பணத்தில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டவன் நான். வாங்கியவர்கள் வேலியைப் பிடுங்கிக் கல் நட்டார்கள். இப்போது அங்கே வீட்டு மனைகள்.

அதற்குப் பிறகு அம்மா பதினோரு வருடம் இருந்தார். ஒவ்வொரு பங்குனியிலும் ராத்திரி இடி இடித்தால் எழுந்து திண்ணைக்கு வந்து, "நம்ம காட்டுப் பக்கமும் பெய்யுமாட்ட இருக்குது" என்பார். விற்றுவிட்டோம் அம்மா என்று ஒரு முறைகூட நான் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாமல் இல்லை.

அதனால் வெள்ளகோவில் தம்பிக்கு என் பதில் இதுதான். விற்காதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உன் அண்ணனுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. பிள்ளைகள் படிப்பு, கடன் எல்லாம் இருக்கும். ஆனால் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் இந்தப் பங்குனி முதல் அடுத்த பங்குனி வரை ஒரே ஒரு வருடம் கணக்கு எழுதிப் பார். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். எந்தத் தேதியில் மழை, எத்தனை நாளில் புல், எத்தனை ஆடு எத்தனை நாள் மேய்ந்தது, வேலங்காய் எத்தனை மூட்டை, வெளியில் வாங்காமல் மிச்சமான தீவனம் எவ்வளவு என்று எழுது. இந்தக் காட்டுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை என்பதால் வரவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். எழுதிப் பார்த்தபின் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். விற்கத்தான் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் விற்காமல் ஒரு காட்டையாவது வேலியோடு விட்டுவைக்க முடியுமா என்று பாருங்கள். கிளுவை வேலி உயிர் பிடித்துக் கெட்டிப்பட எத்தனையோ வருடம் ஆகும். பொக்லைன் வந்தால் ஒரு காலைப் பொழுது போதும்.

கொடுமுடிப் பெண்ணுக்கு: நனைந்த மஞ்சளைக் குவித்து வைக்காதே அம்மா. உடனே மெல்லிசாகப் பரப்பிவிடு. வெயில் கிடைத்தால் ஓரளவு தேறும். வேளாண் பல்கலைக்கழகத்தின் வானிலைச் செய்தி செல்போனிலேயே கிடைக்கிறது. இடி மழையை ஊர் சொல்லித் தர முடியாவிட்டாலும், எந்த நாளில் வாய்ப்பு இருக்கிறது என்றாவது தெரியும். அன்றைக்குத் தார்ப்பாய் களத்து ஓரத்திலேயே இருக்கட்டும். முடிந்தால் வீட்டில் நாலு செம்மறி வாங்கி விடு. அடுத்த பங்குனி மழையில் சிரிக்க வீட்டில் யாராவது இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் காலத்துப் பங்குனி மழையைப் பற்றிக் கேட்டு இங்கே எழுதுங்கள். ஏதாவது தவறு இருந்தால் உரிமையோடு திருத்துங்கள். உங்கள் நோட்டில் நான் போட்ட சிவப்பு மைக்கு இப்போது பதிலுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாரும் நல்லா இருங்க கண்ணுகளா.